உப்பைத் தண்ணி பிரிக்கும். யூரியாவை யார் பிரிப்பது?

பூவிருந்தவல்லிக்கு மேற்கே, திருமழிசை தாண்டி நேமம் பக்கம் எங்க குடும்பத்துக்கு 80 சென்ட் நிலம் இருக்கிறது. மூணு பக்கமும் மனைக்கல் நட்டாச்சு. நாலாவது பக்கம் ஓடை. திருக்கச்சி நம்பிகள் இந்தப் பூவிருந்தவல்லியில் நந்தவனம் போட்டு, பூப்பறித்து, காஞ்சி வரதருக்குக் கொண்டுபோனார் என்று எங்க பாட்டி சொல்லும். அந்த ஊர்ப்பக்கத்து மண்ணில்தான் எனக்கு அரைக்கீரை முளைக்காமல் போனது.

வடக்கே இருக்கிற 40 சென்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டது. ஒரே வருஷத்தில் நடந்திருந்தால் உஷாராகி இருப்பேன். முதலில் விதைத்ததில் பாதி முளைத்தது. அடுத்த பட்டத்தில் கால்வாசி. காய்ந்தால் மேல்மண் ஓடு கட்டினமாதிரி இறுகும், மண்வெட்டி போட்டால் தெறிக்கும். மழை பெய்தால் அதே மண் கூழாகிவிடும். நாலு நாள் ஆனாலும் தண்ணி கீழே இறங்காது. தேங்கின தண்ணி வற்றின இடத்தில் எண்ணெய்க்கறை மாதிரி கறுப்பாகப் படிந்து, அதன் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் பூத்திருக்கும்.

காரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. போர் 180 அடியில் இருக்கிறது. ஏரிப்பாசனம் நின்ற பிறகு அந்தத் தண்ணிதான். ஓடையில் முன்னே மழைத்தண்ணி வந்தது, இப்போது மேலே இருக்கிற அடுக்குமாடிகளின் சலவைத்தண்ணி வருகிறது. சலவைத்தூளில் சோடியம் கார்பனேட் இருக்கிறது, அழுக்கை எடுக்கிற சரக்கும் சோடிய உப்புதான். கோடையில் போர் இழுக்காதபோது இரண்டு வருஷம் அந்த ஓடைத்தண்ணியையே இன்ஜின் வைத்து இறைத்தவன் நான். தப்பு என்னுடையதும்தான்.

என் அண்ணன் வந்து வரப்பில் நின்று பார்த்தார். "மண்ணு செத்துப்போச்சுடா. இனிமே என்ன பண்ணப்போற? அந்தப் பாதிய மனையாப் போட்டுடலாம், புள்ளைங்க படிப்புக்கு ஆவும்" என்றார். அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் 'செத்துப்போச்சு' என்ற அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை.

உரக்கடை ஒன்றில் கேட்டேன். "கால்சியம் போடுங்க, மண்ணு உதிரியாகும்" என்று சுண்ணாம்புத்தூள் ஆறு மூட்டை ஏற்றிவிட்டார்கள். போட்டேன், உழுதேன், தண்ணி கட்டினேன். ஒரு வருஷம் போனது. ஒரு மாற்றமும் இல்லை.

இயக்கத்துக் கூட்டத்தில் ஒரு பெரியவர்தான், "தம்பி, உவரா களரா பார்த்தீங்களா?" என்று கேட்டார். உப்பு மண் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். மண் பரிசோதனைக்குக் கொடுத்தேன். பி.எச். 9.2 வந்தது. இ.சி. 1.1தான், அதாவது கரைந்திருக்கிற உப்பு குறைவு. ஆனால் மண் பிடித்துவைத்திருக்கிற சத்துகளில் நூற்றுக்கு 28 பங்கு சோடியம். 15 பங்கைத் தாண்டினாலே களர் என்று கணக்கு. இ.சி. 4க்கு மேல் போய், பி.எச். 8.5க்குள் இருந்தால் அது உவர். என் நிலம் சுத்தமான களர்.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, ஒன்பதாவது படிக்கிற என் மகள் பக்கத்தில் வேதிப்பிணைப்புப் பாடத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

"அயனிப் பிணைப்புன்னா எலக்ட்ரானைக் கொடுத்து வாங்குறது. சகப்பிணைப்புன்னா எலக்ட்ரானைப் பங்கு போட்டுக்கிறது."

"கொடுக்கல் வாங்கல், பங்கு… நம்ம குடும்பக் கதை மாதிரி இருக்கேம்மா" என்றேன்.

"சும்மா இருப்பா, நாளைக்கு டெஸ்ட்டு."

நான் சும்மா இருக்கவில்லை. பாடத்தை வாங்கிப் படித்தேன். சோடியம் என்ற பெயரைப் பார்த்ததும் விடமுடியவில்லை. அதோடு, இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பழைய உறவும் உண்டு. விவசாயத்துக்குத் திரும்புவதற்கு முன்னால் 11 வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன பிளேட்டிங் பட்டறையில் வேலை செய்தேன்.

பிளேட்டிங் பட்டறைக்குள் போயிருக்கிறவர்களுக்குத் தெரியும். பச்சை நிறத்தில் நிக்கல் சல்பேட் கரைசல் நிரம்பின டேங்க். ஒரு பக்கம் நிக்கல் கட்டி, நடுவில் நாம் முலாம் பூசவேண்டிய சாமான் தொங்கும். ரெக்டிஃபையரைப் போட்டால் கரண்ட் தண்ணிக்குள் நடக்கும், நிக்கல் வந்து சாமானில் படியும். ஆனால் சாமானில் துளி எண்ணெய்ப்பிசுக்கு இருந்தாலும் அந்த இடத்தில் ஒட்டாது, தோல் மாதிரி உரிந்து வந்துவிடும். ஆசிட்டில் முக்கினால் துரு போகும், எண்ணெய் போகாது. எண்ணெயை எடுக்கத் தனியாக ட்ரைகுளோர் என்று ஒரு திரவம் வைத்திருப்பார்கள். இனிப்பாக ஒரு வாசம் வரும், தலை சுற்றும். எங்க மேஸ்திரி சொல்வார்: "எண்ணெய்க்குக் கரண்ட்டும் தெரியாது, தண்ணியும் தெரியாதுடா." 11 வருஷம் அதைக் கேட்டிருக்கிறேன். அது சகப்பிணைப்புப் பாடம் என்று திண்ணையில் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது.

சோடியம் அணுவுக்கு வெளிவட்டத்தில் ஒரே ஒரு எலக்ட்ரான். அதைக் கொடுத்துவிடத் துடிக்கும். குளோரினுக்கு ஒன்று குறை. கொடுத்தது நேர்மின் சுமையோடு நிற்கிறது, வாங்கினது எதிர்மின் சுமையோடு நிற்கிறது, ஒன்றை ஒன்று இழுக்கிறது. அந்த இழுப்புதான் அயனிப் பிணைப்பு. பாடப்புத்தகப் படத்தில் ஒரு சோடியமும் ஒரு குளோரினும் புருஷன் பெண்டாட்டி மாதிரி கைகோத்து நிற்கும். நிஜத்தில் அப்படி ஜோடி கிடையாது. உப்புக்கல்லுக்குள் ஒவ்வொரு சோடியத்தையும் சுற்றி ஆறு குளோரின், ஒவ்வொரு குளோரினையும் சுற்றி ஆறு சோடியம். யாரும் யாருக்கும் சொந்தமில்லை. அதனால்தான் ஒருவர் போய் இன்னொருவர் அந்த இடத்தில் உட்காரமுடியும். களர் நிலக்காரன் பிழைப்பதே இந்த ஒரு விஷயத்தால்தான்.

சகப்பிணைப்பு வேறு மாதிரி. எங்க பக்கத்தில் பங்குக் கிணறு உண்டு. நிலத்தைப் பிரித்த பங்காளிகள்கூட கிணற்றைப் பிரிக்கமுடியாது. இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கும், இரண்டு பேருக்கும் சொந்தம். இரண்டு அணுக்கள் ஒரு ஜோடி எலக்ட்ரானை அப்படி நடுவில் வைத்துக்கொண்டால் அது சகப்பிணைப்பு. இங்கே யார் யாரோடு என்பது கச்சிதம். கார்பனும் நைட்ரஜனும் சேர்ந்தால் அந்தக் கார்பன் அந்த நைட்ரஜனோடுதான். தண்ணியில் போட்டாலும் சேர்ந்தேதான் கரையும்.

அமெரிக்காவில் லூயிஸ் என்பவரும், ஜெர்மனியில் கோசெல் என்பவரும் 1916இல்தான் இந்தக் கொடுக்கல், பங்கு இரண்டையும் எலக்ட்ரான் கணக்காக எழுதினார்கள். அதற்கு முன்னாலேயே, உப்பு தண்ணியில் கரைந்தாலே மின்சுமையுள்ள துண்டுகளாகப் பிரிந்துவிடுகிறது என்று ஸ்வீடனில் அரேனியஸ் 1884இல் ஆய்வேடு கொடுத்தார். பேராசிரியர்கள் நம்பவில்லை, மதிப்பெண்ணைக் குறைத்துப் போட்டார்கள். 1903இல் அதற்கே நோபல் பரிசு வந்தது.

அவர் சொன்னதை நாங்கள் வீட்டில் செய்து பார்த்தோம். 9 வோல்ட் பேட்டரி, ஒரு சின்ன எல்.இ.டி. பல்பு, ஒரு ரெசிஸ்டர், இரண்டு பென்சில் கூர். வீட்டுக் கரண்ட்டில் இதைச் செய்யவே கூடாது, உயிர் போகும். பேட்டரி மட்டும்தான். மழைத்தண்ணியில் பென்சில் முனைகளை வைத்தால் பல்பு எரியவில்லை. ஒரு ஸ்பூன் உப்பு போட்டதும் பளிச்சென்று எரிந்தது. வேறு டம்ளரில் வெள்ளைச் சர்க்கரை, எவ்வளவு போட்டாலும் இருட்டு. வெல்லத்தில் மங்கலாக எரிந்தது. சர்க்கரை அல்ல, வெல்லத்தில் இருக்கிற பொட்டாசியம் மாதிரியான தாது உப்புகள்தான் அங்கே கரண்ட்டை எடுத்துப்போகின்றன. பக்கத்து வயல்காரரிடம் கொஞ்சம் பொட்டாஷும் யூரியாவும் வாங்கிவந்தோம். பொட்டாஷ் உப்பு மாதிரியே எரிந்தது. யூரியாவில் எரியவில்லை.

"அப்பா, ரெண்டும் வெள்ளையா உப்பு மாதிரிதானே இருக்கு?" என்றாள் மகள்.

பொட்டாஷ் அயனிச் சேர்மம், யூரியா சகப்பிணைப்புச் சேர்மம். நாம் இரண்டையும் 'உப்பு உரம்' என்று ஒரே பெயரில் திட்டுகிறோம். மண்ணுக்குள் இரண்டும் நடந்துகொள்கிற விதம் ஒன்றல்ல. மண் பரிசோதனைக் கூடத்தில் இ.சி. என்று எழுதித்தருகிறார்களே, அதுவும் நம் பல்பு வேலைதான். எவ்வளவு கரண்ட் நடக்கிறது என்று பார்த்து, எவ்வளவு அயனி கரைந்திருக்கிறது என்று சொல்கிறார்கள்.

இப்போது என் களருக்கு வருகிறேன். களிமண் துகள் என்பது மெல்லிய தகடு. அதன் மேல் எதிர்மின் சுமை நிரந்தரமாக இருக்கிறது. மக்கின எருவிலும் அப்படியே. அதனால் நேர்மின் சுமையுள்ள கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம், அம்மோனியம், சோடியம் எல்லாம் அந்தத் தகட்டின் மேல் ஒட்டி நிற்கின்றன. கால்சியத்துக்கு இரட்டைச் சுமை. ஒரு கையால் இந்தத் தகட்டையும் இன்னொரு கையால் அந்தத் தகட்டையும் இழுத்துப் பிடிக்கிற மாதிரி நெருக்கிவைக்கும். தகடுகள் சேர்ந்து பருக்கையாகும், பருக்கைக்கு நடுவில் சந்து இருக்கும், அதில் தண்ணி இறங்கும், வேர் மூச்சுவிடும். சோடியத்துக்கு ஒற்றைச் சுமை. அதுவும் தன்னைச் சுற்றித் தண்ணியைப் போர்த்திக்கொண்டு நிற்கும். சோடியம் அதிகமானால் தகடுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, தனித்தனியாகக் கலங்கி, சந்தையெல்லாம் அடைத்துவிடும். என் வயல் கூழானதும் ஓடானதும் இதனால்தான். மண் சாகவில்லை. தகட்டின் மேல் ஆள் மாறி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதைப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். காய்ந்த மண்ணாங்கட்டி ஒன்றை, கோலிக்குண்டு அளவு, கண்ணாடி டம்ளரில் மழைத்தண்ணி ஊற்றி மெதுவாக உள்ளே விடுங்கள். கலக்கக் கூடாது, அசைக்கவும் கூடாது. இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள், மறுநாள் ஒருமுறை பாருங்கள். கட்டி பொலபொலவென்று சரிந்தாலும் தண்ணி தெளிவாக இருந்தால் பயமில்லை. கட்டியைச் சுற்றிப் பால் மாதிரி கலங்கினால் சோடியம் ஆள்கிறது. போர்த்தண்ணியில் செய்யாதீர்கள். அதில் இருக்கிற உப்பே கலங்கலை மறைத்துவிடும். என் தெற்குப் பாதி மண் தெளிவாக நின்றது. வடக்குப் பாதி மண், காபிக்குப் பால் ஊற்றினமாதிரி ஆனது.

அப்படியானால் சுண்ணாம்பு ஏன் வேலை செய்யவில்லை? அதிலும் கால்சியம்தானே? எனக்கு இந்தக் கேள்விதான் ரொம்ப நாள் உறுத்தியது. சுண்ணாம்புத்தூள் கால்சியம் கார்பனேட். அயனிச் சேர்மம்தான். ஆனால் அயனிச் சேர்மம் எல்லாம் சமையல் உப்பு மாதிரி கரைந்துவிடாது. சோடியம், குளோரின் இரண்டும் ஒற்றைச் சுமை, தண்ணி வந்து இழுத்தால் விட்டுவிடும். கால்சியமும் கார்பனேட்டும் இரட்டைச் சுமை, இறுகப் பிடித்துக்கொள்ளும். ஒரு லிட்டர் சுத்தத் தண்ணியில் கல்லுப்பு 350 கிராமுக்கு மேல் கரையும், ஜிப்சம் இரண்டு கிராமுக்குச் சற்று அதிகமாகக் கரையும், சுண்ணாம்புக்கல் ஒரு கிராமில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான். பி.எச். 9.2 இருக்கிற மண்ணில் அதுவும் கிடையாது. நான் போட்ட ஆறு மூட்டையும் கல்லாகவே கிடந்திருக்கிறது. ஆள் மாற்ற வேண்டுமென்றால் கால்சியம் முதலில் தன் ஜோடியை விட்டு வெளியே வரவேண்டும்.

ஜிப்சம் என்றதும் நம் ஆட்களில் சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கே கூட்டத்தில் கேள்வி வந்தது: "ரசாயனத்த விட்டுட்டேன்னு சொல்லிட்டு ஜிப்சம் போடுறியே?" பெரம்பலூர் பக்கம் ஊட்டத்தூர்ப் பாறை அடுக்கிலும், ராஜஸ்தானிலும் ஜிப்சம் பூமியில் இருந்து வெட்டி எடுப்பது. கடல் வற்றின இடத்தில் படிந்த கல். அங்கக வேளாண்மைச் சான்றிதழ் விதிகளில் இயற்கை ஜிப்சத்துக்கு இடம் உண்டு. உரத்தொழிற்சாலைக் கழிவாக வருகிற பாஸ்போ ஜிப்சம் வேறு. வாங்கும்போது எது என்று கேட்டு வாங்கவேண்டும். மற்றபடி 'ரசாயனம்' என்ற சொல்லை நாம் கொஞ்சம் கவனமாகப் பேசவேண்டும் என்பது என் கட்சி. நம் வியர்வையும் ரசாயனம்தான். ஒரு பொருள் எந்தப் பிடியில் கட்டியிருக்கிறது, அதை அவிழ்ப்பது யார், அவிழ்ந்த பிறகு எங்கே போகிறது, இதைக் கேட்டால் போதும்.

ஏக்கருக்கு 2 டன் என்று பரிசோதனையில் வந்தது. 40 சென்டுக்கு 800 கிலோ, 16 மூட்டை. சின்னச் சின்னப் பாத்தியாக வரப்பு போட்டு, தூவி, மேல்மண் நாலு அங்குலத்துக்குள் கலக்கும்படி உழுதேன். நல்ல மழைத்தண்ணி தேங்கின நேரம் பார்த்து ஐப்பசியில் செய்தேன். தண்ணியை இரண்டு நாள் நிறுத்திவைத்து வடியவிட்டேன், மறுபடி நிறுத்தி வடியவிட்டேன், நாலு தடவை. ஜிப்சத்தின் கால்சியம் தகட்டில் ஏறி உட்காரும், இறங்கின சோடியம் சல்பேட்டோடு சேர்ந்து கரைந்து ஓடும். வடிகால் இல்லாமல் இதைச் செய்தால் வீண். இறங்கினவர் அதே பஸ்ஸில் மறுபடி ஏறிவிடுவார்.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் வயலை விட்டுப்போன சோடியம் ஓடைக்குத்தான் போனது. ஓடை ஏரிக்குப் போகிறது. அயனி அழியாது, இடம்தான் மாறும். அம்பத்தூர் பட்டறையில் அலசித் தொட்டித் தண்ணியைத் திறந்துவிடும்போதும் இதே கதைதான், அங்கே போனது நிக்கலும் குரோமியமும். கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்து அந்த ஊர் மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். நான் அந்தப் பக்கம் சம்பளம் வாங்கினவன். ஏரியில் படிந்த உலோகத்தை எந்த நுண்ணுயிரும் தின்று தீர்க்காது, உருவத்தை மாற்றலாம், அவ்வளவே.

சகப்பிணைப்புச் சரக்குகளின் சங்கதி இதற்கு நேர்மாறு. தண்ணியால் அவிழாது, ஆனால் உயிரால் அவிழும். யூரியாவையே எடுத்துக்கொள்வோம். யூரியாவாகவே இருக்கும்வரை அதில் சுமை கிடையாது, களிமண் தகடு அதைப் பிடிக்காது, மழை வந்தால் தண்ணியோடு போய்விடும். அதைப் பிரித்து அம்மோனியமாக்க யூரியேஸ் என்ற நொதி வேண்டும். மண்ணில் இருக்கிற நுண்ணுயிர்கள் அதைச் சுரக்கின்றன, சில நாளில் வேலை முடிகிறது. நொதியே இல்லாமல் வெறும் தண்ணியில் யூரியா தானாகப் பிரியவேண்டுமென்றால் வருஷக்கணக்கில் ஆகும். இந்த யூரியேஸைத்தான் 1926இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் சம்னர் முதன்முதலாகப் படிகமாகப் பிரித்தெடுத்தார். உலகில் படிகமாக்கப்பட்ட முதல் நொதி அது. எதிலிருந்து எடுத்தார் தெரியுமா? நாம் பசுந்தாளுக்குப் போடுகிற வாளவரை இனத்துக் கொட்டையிலிருந்து.

கோமியத்திலும் யூரியா இருக்கிறது. மாடு அப்போது பெய்த கோமியத்தில் மூக்கைத் துளைக்கிற நெடி இருக்காது. சாணியோடு சேர்ந்து கிடந்த பிறகுதான் கொட்டகையில் கண் எரியும். சாணியில் இருக்கிற நுண்ணுயிர் அவிழ்த்துவிட்டது, அம்மோனியா பறக்கிறது. களர் நிலத்தில் இந்தப் பறத்தல் இன்னும் மோசம். பி.எச். ஏற ஏற அம்மோனியம் தன் சுமையை இழந்து காற்றாகப் போய்விடும். இயற்கைக்கு மாறுவதற்கு முன் அந்த வடக்குப் பாதியில் மூட்டை மூட்டையாக யூரியா போட்டும் கீரை பழுத்தே நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். காசைக் காற்றில் விட்டிருக்கிறேன்.

யூரியாவுக்கு இன்னொரு கதையும் உண்டு. 1828இல் ஜெர்மானியர் ஃபிரெடரிக் வோலர், அம்மோனியம் சயனேட் என்ற அயனி உப்பைத் தயாரிக்கப் போனார், கையில் கிடைத்தது யூரியா. இரண்டிலும் அதே அணுக்கள், அதே எண்ணிக்கை. ஒன்றில் கொடுக்கல் வாங்கல், இன்னொன்றில் முழுக்கப் பங்கு. பிணைப்பு மாறினது, பொருளே மாறிவிட்டது.

ஆனால் இரண்டு பிணைப்புக்கும் நடுவில் சீனப்பெருஞ்சுவர் ஒன்றும் இல்லை. சல்பேட் என்பதை எடுத்தால், கந்தகமும் ஆக்சிஜனும் உள்ளுக்குள் பங்குக் கிணறு, மொத்தமாக வெளியே வந்து கால்சியத்தோடு கொடுக்கல் வாங்கல். தண்ணியே ஒரு நல்ல உதாரணம். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எலக்ட்ரானைப் பங்கு போட்டிருந்தாலும் ஆக்சிஜன் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொள்கிற பெரிய பங்காளி. அதனால் அந்தப் பக்கம் லேசாக எதிர்மின், இந்தப் பக்கம் லேசாக நேர்மின். அந்த ஓரவஞ்சனை இருப்பதால்தான் தண்ணியால் உப்பைப் பிரிக்கமுடிகிறது. யார் எவ்வளவு இழுப்பார்கள் என்று லைனஸ் பாலிங் என்பவர் அணுவுக்கு அணு எண் போட்டே காட்டினார்.

சகப்பிணைப்பிலேயே பெரிய பூட்டு நம் தலைக்கு மேல் இருக்கிறது. காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். ஒரு ஏக்கர் நிலத்துக்கு மேலே நிற்கிற காற்றில் மட்டும் 30,000 டன்னுக்கு மேல் இருக்கும். ஆனால் இரண்டு நைட்ரஜனும் மூன்று ஜோடி எலக்ட்ரானைப் பங்கு போட்டு மூன்று தாழ்ப்பாள் போட்டிருக்கின்றன. செடியால் தொடமுடியாது. 1909இல் ஃபிரிட்ஸ் ஹேபர் சோதனைச்சாலையில் அதைத் திறந்தார், கார்ல் போஷ் 1913இல் ஓப்பாவ் நகரத்தில் ஆலையாக்கினார். சுமார் 400, 500 டிகிரி சூடு, காற்றழுத்தத்தைப்போல் இருநூறு மடங்கு அழுத்தம். நமக்குக் கூப்பிடு தூரத்தில் மணலியில் 1971இல் இருந்து அம்மோனியாவும் யூரியாவும் செய்கிற ஆலை இருக்கிறது. ஆரம்பத்தில் பெட்ரோலியத்தில் எடுக்கிற நாப்தாவில் ஓடியது. அதே பூட்டைத் தக்கைப்பூண்டு வேர்முடிச்சில் இருக்கிற பாக்டீரியா நம் மண்ணின் சூட்டிலேயே திறக்கிறது. இலவசமாக அல்ல. செடி சர்க்கரை கொடுக்கிறது. முடிச்சைக் கிள்ளிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது, வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை.

ஜிப்சம் கழுவி முடித்ததும் நான் விதைத்தது இந்தத் தக்கைப்பூண்டைத்தான். களரைத் தாங்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். முதல் வருஷம் இடுப்பளவு வந்தது, பூ எடுக்கிற நேரத்தில், 45ஆம் நாள் மடக்கி உழுதேன். இரண்டாவது வருஷம் ஆள் உயரம். தழைச்சத்துக்காகத்தான் போட்டேன், ஆனால் எனக்கு வேறு ஒரு லாபமும் வந்திருக்கிறது. வேர் மூச்சுவிடும்போது கரியமில வாயு வெளியே வரும். அது மண் ஈரத்தில் கரைந்தால் மெல்லிய அமிலம். அந்த அமிலம், தண்ணியால் அசைக்கமுடியாத சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கும். கால்சியம் வெளியே வரும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஏமாந்துபோய்க் கொட்டின ஆறு மூட்டை அங்கேதானே கிடந்தது! வேர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கொடுத்திருக்கிறது. இதை மகளிடம் சொன்னேன். "அப்ப அந்தக் கடைக்காரர் சொன்னது சரிதானா?" என்றாள். "கால்சியம்னு சொன்னது சரி, அத யாரு கரைப்பாங்கன்னு சொல்லல" என்றேன்.

உயிராலும் அவிழ்க்க முடியாத, அல்லது அவிழ்க்க ரொம்பக் காலம் பிடிக்கிற சகப்பிணைப்புகள் இருக்கின்றன என்பதையும் சொல்லவேண்டும். வைக்கோலில் இருப்பதும் கார்பன் சங்கிலி, பாலிதீன் பையில் இருப்பதும் கார்பன் சங்கிலி. வைக்கோலைப் பூஞ்சணம் ஒரு மழைக்காலத்தில் மக்கவைத்துவிடும், ஏனென்றால் அதை அவிழ்க்கிற நொதி அதற்குப் பல கோடி வருஷப் பழக்கம். பாலிதீனுக்கு அந்தப் பழக்கம் இல்லை. மலிவாகக் கிடைக்கிறது என்று ஒருமுறை நகரக் குப்பை எரு இரண்டு டிராக்டர் அடித்தேன். இன்றைக்கும் களைவெட்டும்போது பால்பாக்கெட் மூலை கையில் வருகிறது. டி.டி.டி.யும் அப்படித்தான், கார்பனும் குளோரினும் பங்கு போட்ட பிணைப்பு. விவசாயத்தில் அதை 1989இல் தடைசெய்தார்கள். தடை வந்து எத்தனையோ வருஷம் கழித்தும் மண்ணில் அதைத் தேடி எடுக்கமுடிகிறது. உப்பு கெடுத்த மண்ணை ஒரு ஐப்பசி மழை பாதி கழுவிவிடும். இதை மழை கழுவாது.

மூன்றாவது வருஷம் வடக்குப் பாதி மண்ணை மறுபடி பரிசோதனைக்குக் கொடுத்தேன். பி.எச். 8.3. சோடியம் 12 பங்கு. மழைத்தண்ணி மறுநாள் காலையில் வடிந்துவிடுகிறது. அரைக்கீரையும் சிறுகீரையும் முளைத்து, பூவிருந்தவல்லி மார்க்கெட்டுக்குக் கட்டுப் போகிறது. ஓடைத்தண்ணியை இறைப்பதை அடியோடு விட்டேன். போர்த்தண்ணியும் காரம்தான் என்பதால், மழைநீருக்கு 30 அடிக்கு 20 அடியில் ஒரு குட்டை வெட்டி, இரண்டையும் கலந்து விடுகிறேன். அண்ணன் பொங்கலுக்கு வந்தார். நிலத்தைச் சுற்றி நடந்தார், மனையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. இரண்டு கட்டுக் கீரை கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

ஓடையை ஒட்டின மூலையில் ஆறு சென்ட் மட்டும் இன்னும் சரியாகவில்லை. அங்கே வடிகால் மேடு, தண்ணி வெளியே போக மறுக்கிறது. போன வாரம் அங்கிருந்து எடுத்த கட்டி ஜன்னலோரம் டம்ளரில் இருக்கிறது, பால் மாதிரித்தான் கலங்கியிருக்கிறது. மகள் டம்ளரில் தேதி எழுதி ஒட்டியிருக்கிறாள். மழைக்கு முன்னால் அந்த வடிகாலை ஒரு முழம் தாழ்த்தவேண்டும், பிறகு இன்னும் இரண்டு மூட்டை ஜிப்சம்.